மலைநாட்டுப் பாதைக்கு ட்ரைக்கின் பின்பக்கத்தை உயர்த்துவது: செலவு குறைந்த வழி, படிப்படியாக

பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கர அக்சில் பூட்டி ட்ரைக் ஆக்கியவர்கள், நம்முடைய பாதைகளில் ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கராஜுக்கு வந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார்கள்: "பின்னால அடிக்குது பாஸ், ரெண்டு இஞ்சி ஏத்திக் குடுங்க." ஏற்றலாம்தான். ஆனால் பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு அங்குலம் தேவைப்படாது. ஏறக்குறைய பாதி உயரம், ஸ்பிரிங் தளர்ந்ததிலோ சாமானைத் தவறான இடத்தில் ஏற்றியதிலோ தொலைந்துபோன உயரமாக இருக்கும். அதை மீட்கக் காசு அதிகம் ஆகாது. மீதியைத்தான் புதிதாகக் கூட்ட வேண்டும். கூட்டும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் இறக்கத்து வளைவில் வண்டியின் நிதானம் கொஞ்சம் குறையும் என்பதால், அளந்து, தேவையான அளவுக்கு மட்டும் உயர்த்துவதுதான் இந்தக் கட்டுரை சொல்லும் முறை.

வெலிமடைப் பக்கம் கரட்டும் லீக்ஸும் ஏற்றுகிறவர்கள், காலில் பலம் குறைந்து இரண்டு சக்கர வண்டியை ஊன்றித் தாங்க முடியாதவர்கள், தோட்டத்திலிருந்து ஹட்டன் டவுனுக்கும் தலவாக்கலைக்கும் சாமான் எடுத்துப்போகிறவர்கள் என்று ட்ரைக் வைத்திருப்பவர்கள் பலவிதம். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரைக்கும் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய பைக்குகளையே திருத்தித் திருத்தி ஓட்டும் பழக்கம் இன்னும் கூடிவிட்டது. அதனால் புது உதிரிப்பாகம் வாங்கும் வசதி எல்லாருக்கும் இருக்கும் என்று நினைத்து நான் எழுதவில்லை. சாவிக்கட்டு, ஜக், அளவு நாடா, பக்கத்தில் ஒரு லேத் கடை இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் துணைச்சக்கரம் பூட்டிய வண்டிகள் வேறு வகை. அவற்றில் நடுச்சக்கரத்தின் ஷொக்கை (குழி அதிர்வை வாங்கும் ஸ்பிரிங் பூட்டிய உறுப்பை) மட்டும் மாற்றினால் எடை பங்கிடும் கணக்கே மாறிவிடும். துணைச்சக்கரங்கள் அதிக எடையைத் தாங்கத் தொடங்கினால் ஓட்டும் சக்கரம் தரையில் பிடிக்காது, பிரேக்கும் பிடிக்காது. அந்த வகை வண்டியை, பூட்டிக் கொடுத்தவரிடமே கொண்டுபோங்கள். இங்கே சொல்வதெல்லாம் பின்னால் இரண்டு சக்கரம் மட்டும் உள்ள ட்ரைக்குக்கு.

முதலில், எது இடிக்கிறது?

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ட்ரைக்கில் தரைக்கு மிக அருகில் இருப்பது எது என்று வண்டிக்கு வண்டி வேறுபடும். இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டு இணைக்கும் வகையில், அக்சிலும் அதிலுள்ள ஸ்புரொக்கெட்டும் (செயின் ஓடும் பல்சக்கரம்) பிரேக் டிஸ்கும் சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஷொக்கை எவ்வளவு நீட்டினாலும் அவை தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கூட உயராது. அவற்றின் உயரத்தைத் தீர்மானிப்பது டயரின் விட்டமும் காற்றும் மட்டுமே. சஸ்பென்ஷனை உயர்த்தினால் உயர்வது பிரேம், சைலன்சர், கால்மிதி, சாமான் பெட்டி, மட்கார்ட் ஆகியவைதான். டிஃபரென்ஷல் பெட்டி (இரண்டு பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர்ப் பெட்டி) பிரேமில் பூட்டப்பட்டு, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஆடும் வண்டியென்றால் மட்டும் டிஃபரென்ஷலும் சேர்ந்து உயரும்.

ஆகவே வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எங்கே பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளக்கிறதோ, அங்கேதான் இடிக்கிறது. சந்தேகமாக இருந்தால் அடியில் தாழ்வாக உள்ள பாகங்களுக்கெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் பூசிவிட்டு, வழக்கமாகப் போகும் பாதையில் வழக்கமான சாமானோடு ஒரு தடவை போய்வாருங்கள். எங்கே சுண்ணாம்பு அழிந்திருக்கிறதோ அதுதான் பிரச்சினை. ஸ்புரொக்கெட்டில் அழிந்திருந்தால் ஷொக் மாற்றுவதில் பயனே இல்லை. அதற்குக் கீழே வளைந்த இரும்புத் தகட்டில் ஒரு காப்புப் பூட்டுங்கள். வேண்டுமானால் டயரைப் பற்றி யோசியுங்கள். மட்கார்ட் டயரில் உரசுகிறதென்றால் சஸ்பென்ஷன் வேலைதான்.

நம் தோட்டப் பாதைகளில் ட்ரைக்குக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. லொறியும் டிராக்டரும் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் கல்லும் புல்லுமாக மேடு நிற்கும். காரென்றால் அந்த மேட்டின் இரண்டு பக்கமும் சக்கரம் போகும். ட்ரைக்கின் முன்சக்கரமோ நடுமேட்டிலேயே ஏறும், அதன் பின்னால் பிரேமின் அடிப்பாகம் அந்தக் கல்லில் உரசிக்கொண்டே வரும். குறுக்கே கான் வெட்டிய இடங்களில் பின்சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் விழும்போது ஷொக் முழுவதுமாக அமுங்கி, பெட்டி இடிக்கும். முதலாவதற்கு உயரம் தேவை. இரண்டாவதற்கு உயரத்தைவிட ஸ்பிரிங்கின் பலம்தான் முக்கியம். உங்களுக்கு எது நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் காசு சரியான இடத்தில் போகும்.

அளவெடுப்பது

சமதரை வேண்டும். மலைநாட்டில் அது எளிதில் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். கோவில் முற்றமோ பாடசாலை மைதானமோ கொழுந்து மடுவத்து சிமெந்துத் தரையோ போதும். பின் டயர் இரண்டிலும் காற்று சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் அக்சில் முனையின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே பிரேமில் பெயிண்டால் ஒரு குறி வையுங்கள். அக்சில் நடுவிலிருந்து அந்தக் குறி வரைக்கும் உள்ள தூரத்தை மூன்று நிலையில் அளக்க வேண்டும்: பிரேமை ஜக்கில் தூக்கி, சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது ஒன்று, வண்டி தன் சொந்த எடையில் நிற்கும்போது ஒன்று, ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து வழக்கமான சாமானும் ஏற்றிய பிறகு ஒன்று. இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் அளவுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் ஆடக்கூடிய முழுத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருப்பது நல்லது. முழு ஆட்டம் 90 மில்லிமீட்டர் என்றால் சாமானோடு 30 மில்லிமீட்டர் இறங்கி நின்றால் சரி. 55, 60 என்று இறங்கி நின்றால் மிச்சமிருக்கும் 30 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டுதான் எல்லாக் குழியையும் சமாளிக்க வேண்டும். அதனால்தான் இடிக்கிறது.

அப்புறம் ஸ்பிரிங்கின் பலத்தையும் பார்த்துவிடுங்கள். ஐம்பது கிலோ உர மூட்டை ஒன்றைச் சரியாக அக்சிலுக்கு மேலே வையுங்கள். வண்டியை இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டு, தானாக அடங்கிய பிறகு அளந்து பாருங்கள். 15 மில்லிமீட்டர் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 3.3 கிலோ தாங்குகிறது. நீங்கள் பின்னால் ஏற்றுவது 120 கிலோ என்றால் 36 மில்லிமீட்டர் இறங்கும். ஒரு மூட்டையையும் ஒரு அளவு நாடாவையும் வைத்தே இவ்வளவும் தெரிந்துவிடும்.

காசில்லாமல் கிடைக்கும் உயரம்

டயர் காற்று, ஷொக்கின் முனையில் பொல்ட் போகும் கண்ணிலுள்ள ரப்பர் புஷ், ஸ்விங் ஆமின் (பிரேமில் கீல் போல ஆடி அக்சிலைத் தாங்கும் கையின்) புஷ் மூன்றையும் பாருங்கள். புஷ் தேய்ந்து ஷொக் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் புஷ்ஷை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது 'டக்' என்று சத்தம் கேட்டால் அது புஷ்ஷோ பெயாரிங்கோதான்.

இரட்டை ஷொக் உள்ள பெரும்பாலான பைக்குகளில் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும். அதைக் கொக்கிச் சாவியால் திருப்பினால் ஸ்பிரிங் முன்கூட்டியே கொஞ்சம் அமுங்கும், வண்டியும் ஏறும். பலரும் வண்டி வாங்கிய நாள் முதல் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். சேறும் துருவும் பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுத் திருப்புங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும்.

சாமான் வைக்கும் இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டியைக் கட்டும்போது அக்சிலுக்குப் பின்னால் நீட்டிக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. சக்கரங்களுக்கிடையே முன்பின் தூரம் 1400 மில்லிமீட்டர் உள்ள வண்டியில், அக்சிலுக்கு 300 மில்லிமீட்டர் பின்னால் 40 கிலோ வைத்தால் பின்சக்கரங்களில் விழுவது 48 கிலோவுக்கும் மேல். அந்த மேலதிக எட்டரைக் கிலோ முன்சக்கரத்திலிருந்து தூக்கப்படுகிறது. சமதரையில் தெரியாது. கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் நோக்கி ஏறும்போதோ ரம்பொடை வளைவுகளிலோ முன்சக்கரம் லேசாகி, ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். பெட்டியை ஒரு அடி முன்னுக்கு நகர்த்தினால் பின்பக்கம் உயர்வதோடு இந்த ஆபத்தும் குறையும். பிரேம் நீட்டிப்பில் நாலு பொல்ட் கழற்றிப் பூட்டும் வேலைதான்.

இவ்வளவும் செய்துவிட்டு மூன்றாவது அளவை மறுபடி எடுங்கள். இடிப்பு நின்றிருந்தால் அதோடு விட்டுவிடலாம்.

ஸ்பேசர்: குறைந்த செலவு

ஸ்பிரிங்குக்கும் அதன் மேல் தட்டுக்கும் நடுவே ஒரு வளையம் வைத்து, ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் முன்கூட்டியே அமுக்குவதுதான் ஸ்பேசர். 10 முதல் 15 மில்லிமீட்டர் தடிப்பம் போதும், 20க்கு மேல் போகாதீர்கள். நைலோனிலோ அலுமினியத்திலோ லேத்தில் கடைந்து கொடுப்பார்கள். ஸ்பிரிங் நடுவிலிருந்து நழுவாதபடி ஒரு சிறு விளிம்பு விட்டுக் கடையச் சொல்லுங்கள். பீவிசி குழாயை வெட்டி வைப்பது, பலகைத் துண்டு வைப்பது, பழைய டியூப்பைச் சுற்றுவது எல்லாம் கொஞ்ச நாளில் வெடித்தோ நசுங்கியோ போகும். அது ஒரு பக்கத்தில் மட்டும் உடைந்தால் ட்ரைக் சாய்ந்து ஓடும்.

வைப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி, சுருளோடு சுருள் ஒட்டிவிட்டால் அதற்கு மேல் அது கல்தான். அடுத்த குழியில் ஷொக்கின் தண்டோ பிரேமின் கண்ணோ உடையும். கம்பியின் தடிப்பத்தை அளந்து சுருள்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். கம்பி 8 மில்லிமீட்டர், சுருள் 15 என்றால் ஒட்டிய நிலையில் நீளம் 120. ஷொக்கில் பூட்டியிருக்கும்போது ஸ்பிரிங்கின் நீளம் 215 என்றால் அமுங்க இடம் 95. 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் போனால் மிச்சம் 80. ஷொக்கின் தண்டு உள்ளே போகும் தூரம் 70 என்றால் 10 மில்லிமீட்டர் இடம் மீதி இருக்கிறது, வைக்கலாம். மிச்சம் 70க்குக் குறைந்தால் மெல்லிய ஸ்பேசருக்குப் போங்கள்.

வேலை செய்யும் முறை இப்படி. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் அணை கொடுங்கள். பிரேமை ஜக்கில் தூக்கி, இரும்புத் தாங்கியில் இறக்குங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தாதீர்கள், அது சொல்லாமல் உடையும். ஸ்விங் ஆமின் கீழே இன்னொரு ஜக்கை லேசாக முட்டுக்கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஷொக்கை மட்டும் கழற்றுங்கள், மற்றது அக்சிலைப் பிடித்துக்கொள்ளும். ஷொக்கைக் கழற்றினாலும் ஸ்பிரிங் அமுங்கியே இருக்கும். அதை அமுக்கும் கருவி இல்லாமல் மேல் தட்டைக் கழற்றவே கூடாது. கையால் அமுக்கி ஒருவர் பிடிக்க, மற்றவர் தட்டை உருவுவதைப் பார்த்திருக்கிறேன். நழுவினால் விரலோ முகமோ போகும். கருவி இல்லாவிட்டால் ஷொக்கையும் ஸ்பேசரையும் கராஜுக்குக் கொண்டுபோங்கள், அவர்களுக்கு அது சிறிய வேலை. கருவியால் ஸ்பிரிங்கை அமுக்கியதும் மேல் தட்டின் கீழே இரண்டு அரைவட்டப் பூட்டுத் துண்டுகள் தளர்ந்து வெளியே வரும். அவற்றை எடுத்து, தட்டைத் தூக்கி, ஸ்பேசரை விளிம்பு ஸ்பிரிங்குக்குள் உட்காரும்படி வைத்து, தட்டை மூடி, பூட்டுத் துண்டுகள் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தனவா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே கருவியைத் தளர்த்த வேண்டும்.

ஸ்பேசரால் ஆகாத காரியமும் உண்டு. அது ஸ்பிரிங்கைப் பலமாக்காது, ஆட்டம் தொடங்கும் இடத்தைத்தான் மாற்றும். ஷொக்கின் முழு நீளத்தையும் கூட்டாது. ஆகவே சாமானோடு நிற்கும்போது வண்டி உயரும், வெறும் வண்டியாகப் போகும்போது ஷொக் ஏற்கெனவே முழுவதும் நீண்டு நிற்பதால் பின்சக்கரம் குதிக்கும். ஸ்பேசர் போட்ட பிறகு வெறும் வண்டி தன் எடையில் ஒரு மில்லிமீட்டர் கூட இறங்காமல் நின்றால், உங்களுக்குத் தேவை ஸ்பேசர் இல்லை, பலமான ஸ்பிரிங்.

நீளமான ஷொக்

வெறும் வண்டியிலும் உயரம் வேண்டுமென்றால் இதுதான் நேரான வழி, என் விருப்பமும் இதுதான். பழைய பொருளாக ஒரு சோடி தேடலாம். பக்கத்து டவுனில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பார்க்கலாம். இரண்டும் ஒரே பைக்கில் இருந்து வந்தவையாக இருக்க வேண்டும். வாங்கும்போது மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடு வரைக்கும் நீளம், கண்ணில் போகும் பொல்ட்டின் தடிப்பம், கீழ்ப்பக்கம் கண்ணா கவையா (இரண்டாகப் பிரிந்த முனையா) என்பது, ஸ்பிரிங்கின் வெளிவிட்டம் செயினிலோ பிரேக் குழாயிலோ இடிக்குமா என்பது எல்லாவற்றையும் கையில் எழுதிக்கொண்டே போங்கள். தண்டில் குரோம் உரிந்து துருப்புள்ளி இருந்தால் ஒயில் சீல் சீக்கிரம் போகும், அதை வாங்காதீர்கள். அமுக்கிவிட்டால் ஒரே சீராக மெல்லத் திரும்பி வர வேண்டும். துள்ளி வந்தால் உள்ளே ஒயில் இல்லை.

எவ்வளவு நீளம் கூட்டுவது? ஷொக்கின் கீழ்ப்பொல்ட் ஸ்விங் ஆமில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்விங் ஆம் ஆடும் முனையிலிருந்து அக்சில் வரைக்கும் உள்ள நீளத்தில் முக்கால் தூரத்தில் ஷொக் பூட்டியிருந்தால், ஷொக்கில் 30 மில்லிமீட்டர் கூட்டினால் பின்பக்கம் ஏறுவது 40. இதைக் கவனிக்காமல் 40 வேண்டுமென்று 40 நீளமான ஷொக்கையே வாங்கினால், பின்பக்கம் 50க்கும் மேல் ஏறிவிடும். முதல் தடவைக்கு 25 முதல் 40 மில்லிமீட்டர் உயர்வு போதும்.

த்ரீவீல் ஷொக்கும் ஸ்பிரிங்கும் எங்கேயும் கிடைக்கும், விலையும் பரவாயில்லை என்பதால் அதைப் போடலாமா என்று கேட்பார்கள். ஆள் நிறைய ஏற்றிப்போகச் செய்த ஸ்பிரிங் அது. தினமும் மரக்கறி மூட்டை ஏற்றும் ட்ரைக்கில் பொருந்தும். காலுக்கு இயலாதவர் தனியாக ஓட்டும் லேசான வண்டியில் போட்டால் முதுகு போய்விடும். அவருக்கு உயரத்தைவிட மென்மைதான் முக்கியம்.

பூட்டும் இடத்தை மாற்றுவது அடுத்த வழி. ஷொக் மிகவும் சாய்ந்து பூட்டியிருந்தால் அதன் பலத்தில் பெரும்பகுதி வீணாகிறது. ஸ்விங் ஆமுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 45 பாகை சாய்ந்தால் ஸ்பிரிங்கின் பலத்தில் பாதிதான் சக்கரத்துக்குக் கிடைக்கும். 30 பாகை என்றால் முக்கால். மேல் பொல்ட்டை நகர்த்தி 45ஐ 30 ஆக்கினால் அதே ஸ்பிரிங் ஒன்றரை மடங்கு பலமாகும், வண்டியும் ஏறும். ஆனால் பிரேமில் வெல்டிங் செய்ய வேண்டும். அனுபவமுள்ள வெல்டிங் பாஸ் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

ஷொக்கின் கீழ்க் கண்ணில் ஒரு தகட்டைப் பூட்டி நீட்டிவிடுவது மலிவு என்று பலர் செய்கிறார்கள். ஒரே பொல்ட்டில் தொங்கும் தகடு கீல் மாதிரி மடங்கும், முழுச் சாமானோடு இறக்கத்தில் மடங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. செய்யத்தான் வேண்டுமென்றால் 6 மில்லிமீட்டர் தகட்டில் பெட்டி வடிவத்தில், ஷொக்கின் கண்ணை இரண்டு பக்கமும் பிடிக்கும்படி, ஸ்விங் ஆமில் இரண்டு இடத்தில் பூட்டி அசையாதபடி செய்ய வேண்டும். பொல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 என்ற குறி இருக்க வேண்டும், நட் நைலோன் பூட்டு நட்டாக இருக்க வேண்டும். அவ்வளவும் செய்தால் நீளமான பழைய ஷொக்கின் விலைக்கே வந்துவிடும்.

பெரிய டயர் அக்சிலையும் சேர்த்து உயர்த்தும் என்பது உண்மை. விட்டம் 40 மில்லிமீட்டர் கூடினால் உயரம் 20 கூடும். ஆனால் கியர் நீண்டுவிடும், ஏற்றத்தில் இழுக்கும் பலமும் பிரேக்கின் பிடியும் குறையும். நம்முடைய ஏற்ற இறக்கத்துக்கு அது நல்ல பேரம் இல்லை. அக்சிலில்தான் அடிக்கிறது, வேறு வழியே இல்லை என்றால் மட்டும், ஸ்புரொக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

எந்த வழியாக இருந்தாலும் மூன்றைச் செய்யாதீர்கள். ஸ்பிரிங்கைச் சூடாக்கவோ, வெட்டவோ, அதில் வெல்டிங் வைக்கவோ கூடாது. அந்த இரும்பு தன் பதத்தை இழந்துவிடும். காஸ் நிரப்பிய ஷொக்கைத் துளைக்கவோ அதன் அருகில் நெருப்பு வைக்கவோ கூடாது. பிரேமில் வெல்டிங் செய்யும்போது பெற்றோல் டாங்கியைக் கழற்றி அப்பால் வைத்து, பற்றரி வயரையும் கழற்றிவிட வேண்டும்.

உயர்த்திய பிறகு மாறுபவை

செயினை முதலில் பாருங்கள். கியர்பெட்டி ஸ்புரொக்கெட்டின் நடு, ஸ்விங் ஆம் ஆடும் பொல்ட், அக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். உயர்த்திய வண்டியில், வெறுமனே நிற்கும்போது ஸ்விங் ஆம் கூடுதலாகச் சரிந்து நிற்பதால் செயின் தளர்ந்தது போலத் தெரியும். அந்த நிலையில் வைத்து இறுக்கினால், சாமான் ஏறியதும் செயின் கம்பி மாதிரி விறைத்து, கியர்பெட்டியின் பெயாரிங்கைத் தின்றுவிடும். ஆட்களை ஏற்றி உட்கார வைத்து, மூன்றும் நேர்கோட்டில் வரும் நிலையில், பைக்கின் கையேட்டில் சொன்ன தளர்வை வையுங்கள். சக்கரம் தொங்கும்போது செயின் ஸ்விங் ஆமின் மேல் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

பிரேக் குழாய், பிரேக் கம்பி, கைப்பிரேக் கேபிள் எல்லாம் சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் விறைக்காமல் கொஞ்சம் தளர்ந்தே இருக்க வேண்டும். விறைத்தால் நீளமானது மாற்றியே ஆக வேண்டும். கைப்பிரேக்கைச் சரிவில் நிறுத்திச் சோதியுங்கள்.

முன்பக்கமும் மாறும். பின்பக்கம் 40 மில்லிமீட்டர் உயர்ந்தால் 1400 மில்லிமீட்டர் நீள வண்டி சுமார் 1.6 பாகை முன்னுக்குச் சாயும். முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கவையும் அந்த அளவுக்கு நிமிர்வதால் ஹேண்டில் லேசாகும். ட்ரைக் சாயாமல் திரும்பும் வண்டி, அதன் ஹேண்டில் இயல்பிலேயே பாரமானது, ஆகவே இது ஒரு நன்மைதான். அளவு மிஞ்சினால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தானாகப் படபடக்கும். அப்படி ஆனால் உயரத்தைக் குறையுங்கள், ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து ஓட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அதே 1.6 பாகையால் ஹெட்லைட்டும் குனிந்துவிடும். 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 28 சென்டிமீட்டர் கீழே விழும். பனிமூட்டத்தில் நானுஓயாப் பக்கம் ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை, லைட்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

கவிழும் ஆபத்தை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். பின்சக்கரங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலமும், எடையின் மையம் தரையிலிருந்து 600 மில்லிமீட்டர் உயரத்தில், முன்சக்கரத்திலிருந்து நீளத்தின் அறுபது சதவீதத்திலும் உள்ள ட்ரைக்கை எடுத்துக்கொள்வோம். பின்பக்கத்தை 40 மில்லிமீட்டர் உயர்த்தினால் மையம் 24 மில்லிமீட்டர் ஏறும், கவிழாமல் தாங்கும் பக்கவிசை ஏறத்தாழ நாலு சதவீதம் குறையும். அதுமட்டும் என்றால் சமாளிக்கலாம். ஆனால் மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இதைவிடப் பல மடங்கு மோசம். பாரமானது எப்போதும் கீழே, அக்சிலுக்குச் சற்று முன்னால். முன்னால் ஒரே சக்கரம் உள்ள வண்டியில், இறக்கத்து வளைவுக்குள் பிரேக் பிடித்தால் எடை அந்த ஒற்றைச் சக்கரத்தின் பக்கம் போகும், பின்னால் உட்பக்கச் சக்கரம் தூக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த கியரில் எஞ்சின் பிடிக்க, பிரேக் விட்ட நிலையில் வளைவுக்குள் போகப் பழகுங்கள்.

இன்னொன்று, பதிவு. பைக்கை ட்ரைக்காக மாற்றியதே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டிய மாற்றம். அதைச் செய்யாமல் சஸ்பென்ஷன் வேலையும் சேர்த்துச் செய்துகொண்டு போனால், ஒரு விபத்து நடந்தால் காப்புறுதியைக் கேட்டு நிற்பது கஷ்டம். பிரேமில் வெல்டிங் வைக்கும் வேலையென்றால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் வெறும் வண்டியாக, சமதரையில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில். மெல்ல எட்டு வடிவத்தில் சுற்றுங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறதா பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் ஷொக் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. ஒரே தண்டு அக்சில் உள்ள வண்டியில் அந்த வித்தியாசம் ஸ்விங் ஆமை முறுக்கும், கொஞ்ச நாளில் வெல்டிங் வெடிக்கும். அடுத்தது பாதிச் சாமானோடு தெரிந்த ஏற்றம். கடைசியில்தான் முழுச் சாமானோடு இறக்கம், அதுவும் பாதை காய்ந்திருக்கும் நாளில். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை விடாது. அந்தக் காலத்தில் வேலை செய்தால் வெயில் விழும் ஒரு காலைக்காகக் காத்திருங்கள்.

இறுக்கிய ஒவ்வொரு பொல்ட்டிலும் நட்டிலும் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். முதல் 50 கிலோமீட்டரில் ஒரு தடவையும், 200இல் ஒரு தடவையும், அப்புறம் மாதம் ஒரு தடவையும் குனிந்து பாருங்கள். வெல்டிங் வைத்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, டோர்ச் அடித்து, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். ஷொக்கின் தண்டில் ஒயில் பிசுபிசுப்பு தெரிந்தால் அந்தச் சோடியை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். மூன்று நிலை அளவுகளையும் மறுபடி எடுத்து, பழைய அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். புது ஸ்பிரிங் என்றால் முதல் சில வாரங்களில் கொஞ்சம் அடங்கும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அடங்கியிருந்தால் படிவளையத்தை ஒரு படி ஏற்றிவிடுங்கள், இரண்டு பக்கமும்.